மெசின் மாமாவுக்கு வைத்த வெற்றிலை

மகன்,

நீ சொன்னபடி மெசின் மாமா வீட்டுக்கு வெற்றிலைத் தட்டத்தோடு போய், கலியாணத்துக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நேற்றுப் பின்னேரம் போனேன். எப்படிச் சொன்னேன் என்பதை ஊரில் யாராவது உனக்குப் போன் எடுத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் நீ பாதியில் மறித்து, "அம்மா, முதல்ல மூச்சை இழுத்து விடுங்க" என்பாய். எழுதிவிட்டால் மறிக்க ஏலாது. வாசித்த பிறகு இதை ஒளித்து வைக்கவும் வேண்டாம். பிள்ளையை அறுவடை மெசினுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாய் இருக்கிற தாய்மார் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. எனக்கு வெட்கம் விட்டுப்போய்க் கனகாலம்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தாலி கட்டு. திங்கட்கிழமையிலிருந்து நீ கரடியனாற்று மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைப் பிள்ளைதான் வீட்டை விட்டுப் போகிறவன். உன் அப்பாவும் அப்படித்தான் ஒரு பெட்டியோடு இந்தச் செட்டிபாளையம் வளவுக்கு வந்து சேர்ந்தவர். நீ போவதில் எனக்குக் கவலை இல்லை. போகிற இடம்தான் கவலை. உன் மாமனார் வீட்டைச் சுற்றி வட்டை வட்டையாய் வயல். இன்னும் இரண்டு மாதத்தில் அங்கே கதிர் முற்றும், முற்றினால் அந்த ஆளின் மெசின் உன் வாசல் படலைக்கு முன்னாலேயே வந்து நிற்கும். "வா மருமகன், ட்ரைவர் ஒராள் வரல்ல, நாலு நாளைக்கு ஏறு" என்று சிரிப்பார். நீ மறுத்துச் சொல்லப் பழகிவிட்டாய் என்று உனக்குத் தெரியும், போனில் உன்னோடு கதைக்கிற மிஸ்ஸுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பதுதான் என் ஆசை. அவர் இனி எந்தப் பிள்ளையிடமும் அதைக் கேட்கக் கூடாது.

உன் அப்பா செத்துப்போன வருடம், எட்டாம் நாள் செலவு முடிந்த கையோடு அவர் வந்து நம் வாசலில் நின்றது நினைவிருக்கிறதா? என் பெரியம்மாவின் மகன், எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன். "தங்கச்சி, பொடியன என்னட்ட விடு. ரெண்டு போகத்தில ஆளாக்கிக் காட்டுறன்" என்றார். நான் அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன், தெய்வம் ஆளை அனுப்பியது என்று. உனக்குப் பத்தொன்பது வயது. அறுவடை தொடங்கினால் மெசினுக்கு ஓய்வில்லை. ஒரு வட்டையிலிருந்து அடுத்த வட்டைக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள், இரவும் பகலும் ஓடும், ட்ரைவருக்கு நித்திரை என்றால் மெசினை ஏற்றுகிற கரியர் லொறியின் நிழலில் ஒரு மணித்தியாலம். நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அடுத்த நாள் அவர் ஒரு சின்ன வெள்ளைக் கடித உறையில் குளிசை கொண்டுவந்து என் கையில் தந்தார். உறையில் 'இடுப்புக்கு' என்று அவரே பேனையால் எழுதியிருந்தார். "டொக்டர் எழுதிக் குடுத்ததுகா. காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு. நீயே குடு, அவன் மறந்துபோவான்." நான் குடுத்தேன். தேத்தண்ணியோடு குடுத்தேன். நீ ஒருநாள் "நோ குறைஞ்சிட்டும்மா, வேணாம்" என்றதற்கு, "மாமா சொன்னாத் தெரியாமச் சொல்லமாட்டார், வாயைத் திற" என்று தீத்தியும் விட்டேன்.

நான் எதையும் எழுதி வைக்கிறவள் என்பது உனக்குப் பகிடி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மிச்சத்தை உன் பள்ளிக்கூடப் புத்தகங்களில் படித்தேன், அதனால் எழுதாமல் விட்டால் மறந்துபோவேன் என்ற பயம் எனக்கு எப்போதும். கோழி அடைவைத்த நாளும் உனக்கு ஊசி போட்ட நாளும் ஒரே கொப்பியில்தான் இருக்கும். குளிசையையும் எழுதினேன். செவ்வாய், காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. அண்ணன் தந்தது. புதன், அப்படியே. முதல் போகம் முடியும்வரை நாளுக்கு இரண்டு. அடுத்த போகத்தில் நாலு. உறையைக் கொண்டுவந்து தந்ததும் அவர்தான், "மெசின்ல நிக்கிற உடம்புக்கு ரெண்டு காணாது" என்று சொன்னதும் அவர்தான். என் கையெழுத்தில், கோடு போட்டு, அத்தனையும் இருக்கிறது. நான் கூட்டிப் பார்த்தேன். கூடிக்கொண்டே போவதைக் கண்ணால் கண்டேன். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

பிறகு நடந்தது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறுவடை முடிந்தும் உனக்குக் குளிசை தேவைப்பட்டது. உறை வராத நாளில் கை நடுங்கியது, வியர்த்தது, என்னை நீ வாய்க்கு வந்தபடி ஏசினாய். அவர் உறை தருவதை நிறுத்திக்கொண்டார். மெசினில் இருந்து விழப்போன ட்ரைவர் அவருக்கு எதற்கு? நீ வேறு இடங்களில் தேடத் தொடங்கினாய். அப்போது உன்னோடு திரிந்தது கதிரவெளி ரூபன். நான் எதையும் விசாரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவன் அவன், ஆகவே கெடுத்தவன் அவன். ஒரு வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்குப் போய் ரூபனின் பெயரையும் அவன் தாயின் பெயரையும் சொல்லி, அவன் கை வழங்காமல் போகவேண்டும் என்று தேங்காய் உடைத்தேன். மெசின் மாமாதான் என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கினார். "நல்லா நெஞ்சில வச்சு உடை தங்கச்சி" என்றார். இதை எழுதும்போது பேனை தாளைக் கிழித்துவிட்டது, பார்.

உன்னை ஆஸ்பத்திரியில் வைத்து, குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்து நிறுத்திய பிறகு, "இனித்தான் வேலை தொடங்குது" என்று அந்த டொக்டர் சொன்னார். கிழமைக்கு இரண்டு தரம் போனில் முகம் பார்த்துக் கதைக்க ஒரு மிஸ் இருக்கிறார், பன்னிரண்டு கிழமை, மனதைப் பழக்குகிற வைத்தியம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊசி இல்லை, மருந்து இல்லை, கதைத்துக் கதைத்து மாறுமா? போனின் பின்பக்கத்தில் திருநீறு பூசிவிட்டேன். நீ துடைத்துவிட்டு, "அம்மா, கமராவும் மறைஞ்சு போச்சு" என்றாய். முதல் நாள் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் ஒரு பெண் குரல் கேட்கிறது, ஆள் போனுக்குள் இருந்தாலும் வந்த ஆள்தானே. மிஸ் சிரித்து, "நான் இங்க ஊத்திக் குடிக்கிறன் அம்மா, அதைத் தம்பிக்கே குடுங்க" என்றார். அன்றிலிருந்துதான் எனக்கு அவரைப் பிடித்தது. இந்த வீட்டில் நான் நீட்டியதை வாங்காமல் விட்ட முதல் ஆள் அவர்.

கவரேஜ் நல்லாயிருக்கும் என்று நீ வாவிக்கரையில் கவிழ்த்துப் போட்ட தோணியில் போய் இருந்து கதைப்பாய். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கோடு கோடாய் நிரப்புவாய். எங்கே இருந்தாய், மனதில் என்ன எண்ணம் வந்தது, ஏக்கம் நூற்றுக்கு எத்தனை, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிராய் ஆதாரம் என்ன, வேறு விதமாய் எப்படி யோசிக்கலாம், யோசித்த பிறகு நூற்றுக்கு எத்தனை. 'ஒண்டு போட்டாத்தான் நான் ஆள்' என்று ஒரு கட்டத்தில் எழுதி, அடுத்த கட்டத்தில் 'நேற்றுப் போடல்ல, ஆனா தோட்டக் கிணறு இறைச்சன்' என்று எழுதியிருந்தாய். உன்னைக் கேட்காமல் வாசித்தேன். அது பிழை. ஆனால் அந்தக் கிணற்று வரியை வாசித்தபோதுதான், கதைத்தாலும் மாறும் என்று விளங்கியது. ஏக்கம் அலை மாதிரி எழும்பும், இருபது நிமிடம் பொறுத்தால் தானே இறங்கும் என்று மிஸ் படிப்பித்ததைச் சொன்னாய். "கடற்கரையில பிறந்தவனுக்கு அலை பற்றிப் படிப்பிக்கிறாவோ" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

ஒருநாள் நல்ல மழை. தோணிக்குப் போக ஏலாமல் நீ அறைக்குள் இருந்து கதைத்தாய். நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது, ஆனால் மழைக்குமேல் கேட்கவேண்டும் என்று நீ போனின் சத்தத்தைக் கூட்டியிருந்தாய். மிஸ் சொன்னார்: "சரி தம்பி, இப்ப நான்தான் உங்கட மாமா. நீங்க மறுத்துச் சொல்லுங்க." பிறகு குரலை ஆம்பிளை மாதிரி மாற்றிக்கொண்டு, "மருமகன், இந்தா, ஒண்டு போடு, விடியும்வரைக்கும் நிப்பாய்" என்றார். அவர் திரும்பவும் சொன்னார். நீ மெல்ல, "வேணாம் மாமா" என்றாய். "கேக்கல்ல. உங்கட மாமா மெசின் சத்தத்துக்குள்ள நிக்கிறார்." "வேணாம் மாமா." "உறையை உன்ட அம்மாட்டயே குடுத்திட்டன்டா, அவ தந்தா வேணாமெண்டுவியா?" அதற்கு நீ அழுதாய். கத்தி என் பெருவிரலில் ஏறியிருந்ததைக் கத்தரிக்காய் சிவந்த பிறகுதான் கண்டேன்.

அந்தக் கிழமையே பஸ் ஏறிக் கதிரவெளிக்குப் போனேன். ரூபனின் தாய் வலை பொத்திக்கொண்டிருந்தா. நான் போய் அவவின் முன்னால் மண்ணில் இருந்து, நான் செய்ததைச் சொன்னேன். உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் காலில் விழாத குறையாய்க் கெஞ்சியவன் ரூபன்தான் என்று நீ பிறகு சொன்னதையும் சொன்னேன். அவ வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மன்னிக்கலாம்கா," என்றா, "அந்தத் தேங்காயை ஒட்டித் தா, மன்னிக்கிறன்." நான் இருந்தேன். மறுகா அவவே ஒரு வாளியை உதைத்துத் தள்ளி, "வெயில்ல இருக்காம அதில குந்து" என்றா. சோறும் மீன் ஆணமும் போட்டா. மன்னிக்கவில்லை. அவ மன்னிக்காததை நான் மதிக்கிறேன், மகன். என்னிடமிருந்தும் யாரும் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நீ சொன்னாய், கோபமும் ஒரு பழக்கம்தான், அதற்கும் இந்தத் தாளை நிரப்பிப் பாருங்கள் என்று. நிரப்பினேன். எண்ணம்: அந்த ஆள் தன் ஆட்களுக்கு முன்னால் தலை குனியவேண்டும். நூற்றுக்கு எத்தனை: நூறு. இருபது நிமிடம் பொறுத்தேன். சோறு வடித்து, ஆணமும் இறக்கிவிட்டேன், அலை இறங்கவில்லை. ஆதாரம் என்ற கட்டத்துக்கு இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். எதிர் ஆதாரத்தில் ஒன்றும் எழுத மனமில்லை. ஆனால் கட்டம் கட்டம்தான், வெறுமையாய் விடக் கூடாது. 'உன் அப்பாவின் சவப்பெட்டியை முன்னால் தூக்கினவர்' என்று எழுதினேன். அது உண்மை. வேறு விதமாய் யோசித்தால் என்ற கட்டத்தில் நெடுநேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்து, 'குடுத்தது அவர் மட்டும் இல்லை' என்று எழுதினேன். பிறகு நூற்றுக்கு எத்தனை? அதே நூறுதான். ஆனால் இப்போது இரண்டு பேர்மேல். உன் மிஸ் இதற்காக அந்தத் தாளைச் செய்திருக்கமாட்டார். வைகாசியில் அம்மனின் கோபம் தணிய ஊரே கூடிக் குளிர்த்தி பாடும்போது, நானும் ஈரச் சேலையோடு நின்று பாடினேன். அவ குளிர்ந்தா. நான் குளிரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் நீ வேலை செய்கிற இடத்திலிருந்து போனில் சொன்னாய், "மெசின் மாமாவுக்கும் வெத்திலை வைங்கம்மா. அவர் கலியாண வீட்டுக்கு வரட்டும். எனக்கு முன்னால வந்து நிக்கட்டும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லப் பழகிட்டன்." உன் குரலில் ஒரு ஆம்பிளை இருந்தான். நான் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு, உடுப்புப் பெட்டிக்கு அடியில் விழுந்து, அந்த நாளில் உன் கைக்கு அகப்படாமல் கிடந்த கடைசி உறையை எடுத்தேன். உள்ளே நாலு குளிசை மிச்சம். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கலியாணக் கார்ட், அதற்குப் பக்கத்தில் அந்த உறை.

அவர் முற்றத்தில் நின்று இரண்டு ட்ரைவர்மாரை வைத்து மெசினுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி, என் மச்சாள், கதிரை கொண்டுவந்து போட்டா. "வா தங்கச்சி, இரு. என்ன, கலியாணச் சாப்பாடு ஆடா கோழியா?" என்றார். "சைவம் அண்ணன். நீங்க கோயில் காரியம் பாக்கிற ஆள், உங்களுக்காகத்தான்" என்றேன். மச்சாள் சிரித்தா. நான் எழும்பித் தட்டத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிய பிறகுதான் உறையைக் கண்டார். தன் கையெழுத்து ஆளுக்குத் தெரியாமல் போகுமா?

"இதென்ன?"

"உங்கட சாமான் அண்ணன். நாலு மிஞ்சிக் கிடந்தது. மெசினோட நிண்டு களைச்சுப்போனீங்க, ஒண்டு போடுங்க. மச்சாள், தண்ணி ஒரு கிளாஸ்."

"எனக்கேன்? எனக்கு நோ ஒண்டுமில்லையே."

"அவனுக்கும் நோ மாறித்தான் இருந்தது. வேணாமெண்டுதான் சொன்னான்."

ட்ரைவர்மார் பூசுவதை நிறுத்திவிட்டார்கள். மச்சாள், "என்னகா இது, என்ன குளிசை?" என்று அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. அவர் சிரிப்பை விடவில்லை. "எல்லா மெசின்காரனும் குடுக்கிறதுதான் தங்கச்சி. வேலை முடியவேணாமா? உன்ட பொடியனுக்கு அளவு தெரியல்ல, அதுக்கு நான் என்ன செய்ய?"

"அளவு சொன்னது நீங்க. நாளுக்கு ரெண்டு காணாதெண்டு சொன்னதும் எழுதிக் கிடக்கு."

அப்போதுதான் சிரிப்பு நின்றது. "நல்லாக் கேட்டுக்கொள்," என்றார், எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார், "நான் குடுத்தது உன்ட கையில. புள்ளைக்குத் தீத்தினது நீ. எங்க போய்ச் சொன்னாலும் முதல்ல பிடிபடுறது நீதான்."

"ஓம் அண்ணன். அதைச் சொல்லத்தான் வந்தன். திங்கட்கிழமை பொலிசுக்குப் போறன். கொப்பியையும் உறையையும் கொண்டு போறன். முதல் என்ட பேரைத்தான் எழுதச் சொல்லுவன். நான் குடுத்தன் எண்டு சொன்னாத்தானே, எனக்கு ஆர் தந்தது எண்டு கேப்பாங்க."

அந்த முகத்தை நான் பார்த்தேன். என்னைக் காட்டிப் பயமுறுத்திவிட்டால் நான் அடங்குவேன் என்று இத்தனை வருடம் நம்பியிருந்த முகம். அதைப் பார்த்ததில் எனக்கு இருந்த சந்தோசத்தை உன்னிடம் மறைக்கமாட்டேன். உறையைத் தட்டத்திலிருந்து திரும்ப எடுத்து மடியில் செருகினேன். வெற்றிலையை விட்டுவிட்டு வந்தேன். அழைப்பு அழைப்புத்தான்.

உன் வாயால் சொல்லவேண்டியதை நான் முந்திச் சொல்லிவிட்டேன். அதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சொல் உன்னுடையது, பன்னிரண்டு கிழமை பாடுபட்டுப் பழகியது. அதை நீ அவரிடம் சொல்ல ஒரு நாள் வரும், என் காரியம் உன் காரியத்தைக் கெடுக்காது. பன்னிரண்டு கிழமையும் கலியாணமும் முடிந்தது என்று மிஸ்ஸோடு போனில் கதைக்கிறதை விடாதே. கரடியனாற்றில் கவரேஜ் இல்லாவிட்டால் மரத்தில் ஏறியாவது கதை. உனக்குப் பெண்சாதியாய் வரப்போகிறவளிடம் நீ ஏற்கனவே எல்லாம் சொல்லிவிட்டாய் என்று அறிந்தபோது, நீ என்னைவிட நல்ல ஆள் என்று விளங்கிக்கொண்டேன். ஏக்கம் வருகிற நாளில் அதையும் சொல்லு, நூற்றுக்கு எத்தனை என்றும் சொல்லு. அவ உனக்கு எதையாவது தேத்தண்ணியோடு நீட்டினால், இது என்ன என்று கேட்டுவிட்டு வாங்கு. அன்பாய்த் தருகிறவர்களிடம்தான் கூடுதலாய்க் கேட்கவேண்டும். அவ கோபித்தாலும் கேள்.

இனி உன்னிடம் எனக்கு ஒன்று வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் போய்ச் சொன்ன பிறகு அவர்கள் உன்னையும் கூப்பிடுவார்கள். உன் அம்மா தன் கையால் குளிசை தந்தது உண்மையா என்று கேட்பார்கள். உனக்கு என்மேல் இரக்கம் வரும், எனக்குத் தெரியும். நீ நினைவில்லை என்பாய், இல்லாவிட்டால் நானே எடுத்துப் போட்டேன் என்று பழியை உன்மேல் இழுப்பாய். நீ ஒரு சொல்லை விழுங்கினால் போதும், அந்த ஆள் வெள்ளை வேட்டியோடு வெளியே வந்து அடுத்த போகத்துக்கு இன்னொருத்தியின் பிள்ளையை மெசினில் ஏற்றுவார். என்னைக் காப்பாற்றாதே. அங்கே என்ன நடந்தாலும் நான் தாங்குவேன், விரதச் சோறு தின்று பழகின உடம்பு.

அவர்கள் கேட்கும்போது நிமிர்ந்து இருந்து, அம்மாதான் தந்தா என்று சொல், மகன். மிச்சத்தை நான் சொல்லுவேன்.